பின்சீட்டில் யார் உட்கார்ந்து பார்த்தது?

நீங்கள் பொய் சொன்னீர்கள்.

உங்கள் பெயரையோ சேனலின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும். மோட்டார் சைக்கிள்களை ஓட்டிப் பார்த்து வீடியோவில் நல்லது கெட்டது சொல்கிறவர் நீங்கள். சிகரா 500 என்ற வண்டியைப் பற்றி இருபத்திரண்டு நிமிடம் பேசினீர்கள். அதில் பதினேழாவது நிமிடத்தில், "பின்னாடி உக்காந்து வர்றவங்களுக்கும் செம சொகுசு, நாள் முழுக்க வரலாம்" என்றீர்கள். அந்த ஒரு வரியை நம்பி என் வீட்டுக்காரர் என்னைக் கொல்கத்தாவில் நடுரோட்டில் கீழே போட்டார். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் காங்கேயத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். மிளகாய், மஞ்சள், ராகி, கம்பு எல்லாம் அரைப்போம். இருபத்தைந்து வருடம் மூட்டை தூக்கியதில் இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் துரைசாமி அரசு பஸ் ஓட்டியவர். இந்த வருடம் ரிட்டயர் ஆனார். ரிட்டயர் ஆனதும் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு மலை பார்க்கப் போக வேண்டும் என்பது கல்யாணமான புதிதில் அவர் சொன்னது. ஊட்டி, கொடைக்கானல் இல்லை, இமயமலை. நானும் ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தேன்.

எலும்பு டாக்டரிடம் கேட்டோம். போகலாம் என்றார். முழங்கால் இடுப்புக்கு மேலே ஏறாமல் இருக்க வேண்டும், பாதம் நன்றாக ஊன்ற வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஏதாவது தாங்கல் இருந்தால் நல்லது. இந்த மூன்றும் சரியாக இல்லாவிட்டால் ஏறவே ஏறாதீர்கள், அடுத்தது ஆபரேஷன்தான் என்றார்.

என் கொழுந்தனார் குமார் ரயில்வே வேலையாகக் கொல்கத்தாவுக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது. டாலிகஞ்சில் ஃப்ளாட் வாங்கி அங்கேயே தங்கிவிட்டார். அவரிடம் சொந்த மோட்டார் சைக்கிள் இருக்கிறது. நாங்கள் அங்கே போய் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, மூன்று பேருமாக டார்ஜிலிங் பக்கம் போவது என்று ஏற்பாடு. எந்த வண்டி சரிப்படுகிறதோ அதையே ஊருக்கு வந்து வாங்குவது. இரண்டு வண்டிகள் கணக்கில் இருந்தன. ஒன்று சிகரா 500. இன்னொன்று தக்ஷா 350. என் முதுகுக்கு இரண்டுமே ஒத்துவராவிட்டால் அண்ணனும் தம்பியும் போவார்கள், நான் டாலிகஞ்சில் இருப்பேன். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

போய்ச் சேர்ந்தது மத்தியானம். துர்கா பூஜை முடிந்து பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் மூங்கில். குமாரின் மனைவி வசந்தி கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், ஆனால் ஆச்சரியமும் கோபமும் பெங்காலியில்தான் வரும். எங்களுக்கு உருளைக்கிழங்கும் கசகசாவும் போட்டு ஒரு கறி செய்திருந்தாள். எங்கள் ஊரில் கசகசா என்றால் குருமாவுக்கு ஒரு ஸ்பூன். இங்கே கறியே அதுதான். அம்மியில் அரைத்தது என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன். எங்கள் மில்லில்கூட அவ்வளவு மையாக வராது.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் என் வீட்டுக்காரர் உங்கள் வீடியோவைப் போட்டுவிட்டார். அவருக்கு அது மனப்பாடம். நீங்கள் பேசுவதற்கு முன்னால் அவர் பேசுகிறார்.

"சிகரா தான்டா குமாரு. ரெட்டை சிலிண்டரு. மலையில அப்படியே இழுக்கும்."

"அப்ப தக்ஷாவ எதுக்கு பாக்கறது?" என்றார் குமார்.

"உங்க அண்ணிக்காக. நாளைக்குக் கேக்கலன்னு சொல்லக்கூடாதல்ல."

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே இந்தப் பேச்சு.

அடுத்த நாள் காலையில் தெருமுனைக் கடையில் கச்சோரியும் கடலைப்பருப்பும். பருப்பில் சர்க்கரை போட்டிருந்தார்கள், தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கிப் போட்டிருந்தார்கள். முதல் வாய் பாயசம் மாதிரி இருந்தது. நான்காவது கச்சோரி வரும்போது பழகிவிட்டது.

ஜாதவ்பூருக்கு ஆட்டோவில் போனோம். இங்கே ஆட்டோவுக்கு பஸ் மாதிரி தடம் உண்டு. வரிசையில் நின்று ஏற வேண்டும். பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர், அவ்வளவுதான், கிளம்பிவிடும். எங்கள் ஊரில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசியே தொண்டை கட்டும். இங்கே பேரமே இல்லை. என் வீட்டுக்காரர் டிரைவர் பக்கத்தில் பாதி உட்கார்ந்து பாதி தொங்கிக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் செருப்பு ஒன்று கழன்று விழுந்துவிட்டது. நிறுத்தச் சொன்னார். டிரைவர் நிறுத்தவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர் அதை எடுத்து வந்து கடைசி நிறுத்தத்தில் கொடுத்தார். அதற்கு ஒரு சிரிப்புகூட இல்லை, தினமும் செய்கிற வேலை மாதிரி கொடுத்துவிட்டுப் போனார்.

வண்டி வாடகைக்கு விடும் இடம் ஜாதவ்பூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. நடத்துகிறவர் ரூமா என்ற அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காட்டன் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு வண்டியின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் ரூமாதி என்றார்கள். 'தி' என்றால் அக்கா. என்னை அவர் பௌதி என்று கூப்பிட்டார், அது அண்ணி. முதல் நிமிடத்திலிருந்தே அண்ணி. குமார் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல மற்றதெல்லாம் புரிந்தது.

இரண்டு வண்டிகளும் வெளியே நின்றன. சிகரா உயரம். முன்சீட்டு ஒரு படி, பின்சீட்டு அதற்கு மேல் ஒரு படி, இரண்டு பக்கமும் தகரப்பெட்டி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். தக்ஷா குட்டை. நீளமான ஒரே சீட்டு, பின்னால் ஒரு சின்ன முதுகுத் திண்டு.

"இதென்னடா, கறவை மாடு மாதிரி இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

"மாடு பரவால்லீங்க. அது ஒட்டகம் மாதிரி இருக்குது" என்றேன்.

ஆனால் அன்றைக்கு என்னை ஏற்ற முடியாது என்றார் ரூமாதி. வாடகைக்கு எடுக்கும் முன் ஓட்டிப் பார்க்கலாம், ஓட்டுகிறவர் மட்டும்தான் போகலாம். முன்பு ஒருவர் ஓட்டிப் பார்க்கிறேன் என்று குடும்பத்தோடு ஏறிப் போய்க் கால்வாயில் இறங்கிவிட்டாராம்.

இங்கேதான் அண்ணனும் தம்பியும் ஒரு வேலை செய்தார்கள். வேறு எந்தக் குடும்பத்திலும் இது நடக்காது.

"அண்ணி, நீங்க எத்தன கிலோ இருப்பீங்க?" என்றார் குமார்.

"எதுக்குங்க?"

"சும்மா சொல்லுங்களேன்."

"அறுபத்தி ரெண்டு."

அரை மணி நேரத்தில் குமார் தனக்குத் தெரிந்த தமிழ் மளிகைக் கடைக்காரரை, கடை டெம்போவோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டெம்போவில் ஐம்பது கிலோ பொன்னி அரிசி மூட்டை ஒன்று, பன்னிரண்டு கிலோ துவரம்பருப்பு ஒரு பை. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் நான். ஆள் ஏறக்கூடாது, மூட்டை ஏறலாம் அல்லவா? அதுதான் அவர்கள் யோசனை. ரூமாதி கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் சட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஏன்மா, பருப்புக்குப் பதிலா புளி வச்சிருக்கலாமோ? ஒங்க மூஞ்சியப் பாத்தா அப்படித்தான் தோணுது."

"மொளகா வைங்க. நான் மொளகா மில்லுக்காரி" என்றேன்.

என் வீட்டுக்காரர் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிகராவில் பைபாஸ் வரை போய்விட்டு வந்தார். பிறகு அதே மூட்டையை தக்ஷாவில் மாற்றிக் கட்டிக்கொண்டு இன்னொரு சுற்று. நானும் ரூமாதியும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மண் குவளையில் டீ குடித்தோம். இரண்டு சுற்றும் முடிந்து இறங்கி வந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டுலயும் மூட்டை அசையவே இல்ல சாந்தா. பின்சீட்டு ரெண்டுமே ஒண்ணுதான். அப்பறம் இழுவைக்கு சிகராதான். முடிஞ்சுது."

"மூட்டைக்கு முழங்கால் எங்கீங்க இருக்குது?" என்றேன்.

கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"மூட்டைக்கு முதுகு இருக்குதுங்களா? டிஸ்க் இருக்குதுங்களா? இருபத்தஞ்சு வருசம் மூட்டை தூக்கினவகிட்ட மூட்டையப் பத்தி சொல்றீங்க. நாளைக்கு நான் ஏறுவேன். இந்தக்கா விடலேன்னா வேற கடை பாக்கலாம்."

குமார் ரூமாதியிடம் பாதியைத்தான் மொழிபெயர்த்தார். மீதி என் முகத்திலேயே இருந்திருக்க வேண்டும். "பௌதிக்கு மட்டும் சட்டத்தைத் தள்ளி வைக்கிறேன்" என்று ரூமாதி சொன்னதாகக் குமார் சொன்னார்.

மூன்றாம் நாள் சிகராவில் ஏறினேன். சுடிதார், மேலே கெட்டித் துணிச் சட்டை, ஹெல்மெட். ஏறுவதே ஒரு வேலை. பெட்டி இருப்பதால் காலை வீசிப் போட முடியாது. மிதிகட்டையில் ஏறி நின்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் காலைக் கொண்டுபோக வேண்டும். அவருக்கு வண்டி உயரம், நுனிக்காலில் நிற்கிறார். வண்டி ஆடுகிறது. நான் ஆடுகிறேன். சந்தில் போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள்.

உட்கார்ந்த பிறகு பார்த்தால், மிதிகட்டை மேலே இருக்கிறது. முழங்கால் இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. டாக்டர் கூடாது என்று சொன்ன முதல் விஷயமே அதுதான். குதிகாலைப் பின்னால் வைத்தால் பெட்டியைத் தாங்கும் இரும்பில் இடிக்கிறது, முன்னால் வைத்தால் அவர் காலில் இடிக்கிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, ஆனால் அது தொடைக்கு அடியில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஆகாயம்.

ஜாதவ்பூரிலிருந்து கரியாஹாட் போவதற்குள் இடுப்பில் இழுக்க ஆரம்பித்தது. சொன்னேன்.

"பழகிரும்" என்றார். "அந்தத் தம்பியே சொல்லீருக்காப்ல, நாள் முழுக்க வரலாம்னு."

அந்தத் தம்பி நீங்கள்தான்.

கரியாஹாட் சிக்னலில் கூட்டம். பழைய டிராம் தண்டவாளம் ஒரு பக்கம், நைட்டி விற்கிற தள்ளுவண்டிகள் ஒரு பக்கம். ரோடு ஓரமாகச் சரிவு. சிவப்பு விழுந்தது. அவர் நிறுத்திக் காலை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் ரோடு பள்ளமாக இருந்தது. இருநூறு கிலோ வண்டி, பெட்டிகள், என்னுடைய அறுபத்திரண்டு கிலோ, எல்லாம் சேர்ந்து மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது, அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், சாகும் வரை ஒரு கீறல் விடமாட்டேன் என்று சொல்கிறவர், என்னை நைட்டிகளின் மேல் போட்டார்.

நைட்டி இருந்ததால் அடி இல்லை. ஆனால் விழும்போது இடுப்பு முறுக்கிக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் வண்டியைத் தூக்கினார்கள், இரண்டு பேர் என்னைத் தூக்கினார்கள். நைட்டி வியாபாரி முதலில் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார், பிறகுதான் தன் துணிகளைப் பொறுக்கினார். தண்ணீர் கொடுத்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து ஏதோ சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னாலேயே தன் வண்டியில் வந்துகொண்டிருந்த குமார் மொழிபெயர்க்க மாட்டேன் என்றார். நான் கட்டாயப்படுத்தினேன். தாதா என்றால் இங்கே அண்ணன்.

"தாதா, அடுத்த தடவை பௌதியை இறக்கிவிட்டுட்டு நீங்க மட்டும் கீழ விழுங்க, அப்படிங்கறார் அண்ணி."

நான் டாக்ஸியில் டாலிகஞ்ச் போனேன். வசந்தி "ஏ மா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். வெந்நீர்ப் பை வைத்தாள். மத்தியானம் முழுக்கப் படுத்திருந்தேன். அடுத்த அறையில் அண்ணனும் தம்பியும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். மெதுவாகப் பேசினால் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

"அண்ணி இங்கயே இருக்கட்டும்ணா. வசந்திகூட இருப்பாங்க. நாம போய்ட்டு வந்துரலாம்."

பிறகு என் வீட்டுக்காரர், "அப்படித்தான் பண்ணோணும் போல" என்றார்.

எனக்கு வந்த கோபம் இடுப்பு வலியைவிடப் பெரிதாக இருந்தது. எழுந்து ஹாலுக்குப் போய் வசந்தியிடம் டிவியில் உங்கள் வீடியோவைப் போடச் சொன்னேன். அதுவரை அதை நான் காதால்தான் கேட்டிருந்தேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடமும் பார்த்தேன். நீங்கள் ஓட்டுகிறீர்கள், மலையில் வளைகிறீர்கள், மண்ணில் குதிக்கிறீர்கள். பின்சீட்டில் ஒரு கேமரா பை கட்டியிருக்கிறது. முதலிலிருந்து கடைசி வரை அந்தப் பைதான் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் பின்னால் உட்காரவில்லை. யாரையும் உட்கார வைக்கவும் இல்லை. பிறகு தக்ஷா பற்றிய உங்கள் வீடியோவையும் பார்த்தேன். அதிலும் அதே பை. அதில், "பின்சீட்டு ஓகே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

வசந்தி என்னைப் பார்த்தாள். "அக்கா, இவரும் மூட்டைய வச்சுத்தான் பாத்திருக்காரு."

அன்று சாயங்காலமே வீடியோவுக்குக் கீழே எழுதினேன். "தம்பி, நீங்க பின்னாடி உக்காந்து பாத்தீங்களா? நான் உக்காந்தேன், விழுந்தேன். முழங்கால் மேல ஏறுது, குதிகாலுக்கு இடமில்லை, பிடிக்கக் கம்பி சரியில்லை. பதில் சொல்லுங்க." இவ்வளவுதான் எழுதினேன். ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

நான்காம் நாள் காலையில் வலி குறைந்திருந்தது. தக்ஷாவில் ஏறுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்கள். ஏறினேன். ஏறுவதற்கு யார் தோளும் வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்ததும் முழங்கால் கீழே இருந்தது. பாதம் முழுக்க ஊன்றியது. முதுகில் திண்டு. கரியா என்ற வேறொரு இடத்தைத் தாண்டித் தெற்கே பருய்ப்பூர் வரை போனோம். ஒன்றரை மணி நேரம், நடுவில் நிறுத்தவில்லை. பருய்ப்பூரில் கொய்யாப்பழம் பெயர் போனதாம். ரோட்டோரம் கூடை கூடையாக வைத்திருந்தார்கள். உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தார்கள். பழம் நன்றாக இருந்தது. மிளகாய்ப்பொடி பழசு, நிறத்துக்கு ஏதோ கலந்திருந்தார்கள். அந்த அம்மாளிடம் தமிழிலேயே சொன்னேன். அவரும் பெங்காலியில் ஏதோ திருப்பிச் சொன்னார்.

வண்டியிலிருந்து நானே இறங்கினேன், நானே நடந்தேன். அதைக் கவனித்தும் என் வீட்டுக்காரர் முகம் சரியாகவில்லை.

"இதுல இழுவை பத்தாது சாந்தா. மலையில திணறும். பாக்கறதுக்கும் நல்லால்ல. சிகராலயே பின்சீட்டுக்கு ஒரு மெத்தை போட்டுட்டா?"

"மெத்தை போட்டா இன்னும் மேல போவேன். அங்கிருந்து விழுந்தா நைட்டி பத்தாது."

"அந்தத் தம்பி சொன்னது பொய்யாவா இருக்கும்? அத்தன பேரு பாக்கறாங்க."

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. முப்பது வருடம் இந்த மனிதர் எத்தனையோ பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். கடைசி சீட்டில் உட்கார்ந்தவன் குலுங்குவதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் சீட்டைத் தவிர வேறு சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கல்யாணத்துக்குப் போகிற வேனில்கூட டிரைவர் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார்.

ஜாதவ்பூருக்குத் திரும்பியதும் ரூமாதியிடம் குமாரைக் கேட்கச் சொன்னேன்: சிகராவை நீங்கள் ஓட்டுவீர்களா? இவர் பின்னால் உட்காருவார்.

குமார் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு மொழிபெயர்த்தார். ரூமாதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நானா? பின்னாடியா? பொம்பளைக்குப் பின்னாடியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"முப்பது வருசமா நான் உங்களுக்குப் பின்னாடி உக்காந்தேன். எனக்கொண்ணும் ஆகல."

"இடுப்புதான் போச்சு" என்றார் குமார். அவருக்குத் தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

ரூமாதி புடவையை இழுத்துச் செருகி, ஹெல்மெட் மாட்டி, வண்டியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரைவிட ஒரு பிடி உயரமானவர், கால் சரியாக எட்டியது. ஹாரனை ஒருமுறை அடித்தார். ஏறு என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் மிதிகட்டையில் ஏறி நின்று, பிடிக்க இடம் தேடி, ரூமாதியின் தோளைத் தொடக் கூச்சப்பட்டு, கடைசியில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக உட்கார்ந்தார். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடைக்கு அடியில் விட்டுக் கம்பியைத் தேடிக்கொண்டே போனார்.

ஐம்பது நிமிடம் கழித்து வந்தார்கள். ரூமாதி அவரைக் கரியாஹாட் வழியாகவே கூட்டிப் போயிருக்கிறார், தண்டவாளம் ஒன்றைக்கூட விடவில்லையாம். வண்டி நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கவில்லை. ஒரு காலைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை. குமார் போய்ப் பிடித்து இறக்கினார். இறங்கியதும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே நின்றார். நான் மில்லில் மூட்டை இறக்கிவிட்டு நிற்பேனே, அப்படியே.

ஸ்டூலைப் போட்டேன். உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நேத்து இப்படியேவா கரியாஹாட் வரைக்கும் வந்த?"

"ஆமாங்."

"சொல்லீருக்கலாமல்ல?"

"சொன்னேனுங்க. பழகிரும்னீங்க."

மீதி டீயைக் குடித்தார். குமாரைக் கூப்பிட்டு, "அந்த மாட்டுக்கு சாவி வாங்குடா" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் மலைக்குப் போனோம், மூன்று பேரும். நான் தக்ஷாவின் பின்சீட்டில் போய், பின்சீட்டிலேயே திரும்பி வந்தேன். மலையைப் பற்றி இங்கே எழுதவில்லை, அது வேறு கட்டுரை. தக்ஷாவில் குறை இல்லையா? இருக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். முன்விளக்கு போதாது. திண்டின் தையல் மூன்றாம் நாளே பிரிந்துவிட்டது, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தைத்துக்கொண்டோம். உயரமானவராக, தனியாகப் போகிறவராக இருந்தால் சிகராவையே வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல வண்டிதான். இரண்டு பேராகப் போகிறவர்கள், பின்னால் உட்காரப் போகிறவரை இரண்டு வண்டியிலும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இதைச் சொல்ல இருபத்திரண்டு நிமிடம் வேண்டாம்.

இனி உங்களுக்கு.

நான் எழுதிய கேள்வியை மறுநாளே நீக்கிவிட்டீர்கள். அதோடு எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினீர்கள். அதையும் இங்கே வைக்கிறேன். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, கமெண்ட் பாத்தா வண்டிக் கம்பெனில சங்கடப்படுவாங்க. உங்க அட்ரஸ் அனுப்புங்க, நல்ல ரைடிங் ஜாக்கெட் ஒண்ணு அனுப்பி வைக்கறேன்."

எனக்கு ஜாக்கெட் வேண்டாம். உங்கள் கம்பெனிக்காரர்கள் சங்கடப்படுவதைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. என் வீட்டுக்காரர் முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்தினார், என் இடுப்பை அவருக்குத் தெரியும். அப்படியும் என் வார்த்தையை விட்டுவிட்டு உங்கள் வார்த்தையை நம்பினார். அதற்கு அவரை நான் திட்டிவிட்டேன், அவரும் கேட்டுக்கொண்டார். இன்னும் எத்தனை வீடுகளில் மனைவிமார் வலிக்கிறது என்று சொல்லி, அந்தத் தம்பி அப்படிச் சொல்லவில்லையே என்று பதில் வாங்கிக்கொண்டிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனால் பேசியது நீங்கள்.

அந்த வண்டியின் பின்சீட்டில் நீங்கள் ஒரு கிலோமீட்டராவது உட்கார்ந்து போனீர்களா? உட்கார்ந்தேன் என்றால் எங்கிருந்து எதுவரை, ஓட்டியது யார் என்று சொல்லுங்கள். உட்காரவில்லை என்றால், உட்காராமலே சொன்னேன் என்று சொல்லுங்கள். எனக்குத் தனியாக எழுத வேண்டாம், போன் பண்ண வேண்டாம். அதே சேனலில், முகத்தைக் காட்டி, எல்லோரும் பார்க்கச் சொல்லுங்கள்.